பார்லி போட்ட பள்ளிவாசல் கஞ்சி

1

இந்த வருஷம் ரஜப் மாதம் பனியோடு வந்திருக்கிறது. என் வீட்டுக்காரர் மவுத்தான வருஷம் இதே ரஜப் வெயில் காலத்தில் வந்தது. பிறைக் கணக்கு வருஷாவருஷம் முன்னால் நகரும் என்பதைச் சங்கரன்கோவிலில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. எங்கள் தெருமுனையில் பூ விற்கிற அக்காவுக்குக்கூட நோன்பு எப்போது வரும் என்று தெரியும். இங்கே, வடக்கு இங்கிலாந்தில், நான் வேலை பார்க்கும் தையல் ஃபாக்டரியில், வீட்டுக்காரர் பெயரில் ஓதுகிற வருஷ பாத்திஹாவுக்குச் சமைக்க ஒரு நாள் லீவு கேட்டுப் போனால் சூப்பர்வைசர் அம்மா காலண்டரைப் பார்க்கிறாள்.

"போன தடவை மார்ச் மாதம் கேட்டாய். இப்போது பிப்ரவரி என்கிறாய். உன் கணவர் எந்த மாதம்தான் இறந்தார்?"

மே மாதம் என்று உண்மையைச் சொன்னால் இன்னும் குழம்பிப்போவாள். கை நீட்டி ஜன்னல் வழியாக நிலாவைக் காட்டலாம் என்றால் இந்த ஊரில் நிலா எங்கே தெரிகிறது? எட்டு வருஷமாக இதே கூத்து. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அதை முழுங்கிக்கொண்டு லீவுச் சீட்டை வாங்கி வருவேன்.

பாத்திஹாவுக்கு நான் பிரியாணி போடுவதில்லை. பக்கத்துத் தெரு குஜராத்திப் பெண்கள் ஏன் என்று கேட்டுக் கேட்டு ஓய்ந்துவிட்டார்கள். நான் காய்ச்சுவது கஞ்சி. மாட்டுக்கறியும் பார்லியும் போட்டு, இஞ்சி பூண்டு தட்டி, கடைசியில் தேங்காய்ப்பால் ஊற்றி இறக்குகிற கஞ்சி. இது எங்கள் ஊர்க் கஞ்சியும் இல்லை, இந்த ஊர் சூப்பும் இல்லை. என் மகளின் வாயிலிருந்து வந்த சமையல் இது. எப்படி என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

மகள் பெயர் மைமூன். இருபது வயது. ரயிலில் மூன்று மணி நேரத் தூரத்தில் இருக்கிற ஊரில் பேங்க் வேலை. பெருநாளைக்கு வருவாள், சாப்பிடுவாள், கோட்டைக் கழற்றாத குறையாக உட்கார்ந்திருந்துவிட்டுப் போவாள். பாத்திஹாவுக்கு மட்டும் வரவே மாட்டாள். இந்தப் புதன்கிழமை அவளே போன் பண்ணினாள்.

"சனிக்கிழமை வாரேன் உம்மா. கஞ்சி காய்ச்சுவியா?"

"காய்ச்சாம என்ன செய்வேன்?" என்றேன். ஏன் வருகிறாய் என்று கேட்கவில்லை. கேட்டால் வராமல் போய்விடுவாளோ என்று பயம்.

2

ஊரில் நோன்புக் கஞ்சியை வீட்டில் காய்ச்சுகிற வழக்கம் எங்களுக்கு இல்லை. அது பள்ளிவாசலில் காய்ச்சுவது, ஆம்பிளைகள் காய்ச்சுவது. நான் பிறந்த கடையநல்லூரிலும் அப்படித்தான், வாக்கப்பட்டு வந்த சங்கரன்கோவிலிலும் அப்படித்தான். அசர் தொழுகைக்குப் பிறகு பிள்ளைகள் தூக்குவாளியோடு வரிசையில் நிற்கும். எங்கள் பிள்ளைகள் மட்டும் இல்லை, கோயில் தெருப் பிள்ளைகளும் நிற்கும். வாளியில் வாங்கி வந்து வீட்டில் வைத்துவிட்டு, பாங்கு சொல்லும்வரை மூடியைத் திறக்காமல் இருப்பதுதான் பெண்களின் வேலை. என்ன போடுகிறார்கள், எத்தனை கொதி விடுகிறார்கள் என்று எந்தப் பெண்ணும் கேட்டதில்லை.

என் வீட்டுக்காரர் செய்யது தறி ஃபிட்டர். நோன்பு மாதம் வந்தால் தறியை அப்படியே போட்டுவிட்டு அண்டாவுக்குப் போய்விடுவார். ஆள் உயர மரத்துடுப்பைப் பிடித்துக் கிண்டுவார். யாராவது வசதிக்காரர் கொடுத்தால் ஆட்டுக்கறி, இல்லாத நாளில் மாட்டுக்கறி. வேர்த்து ஒழுக வீட்டுக்கு வந்து, "இன்னைக்குக் கஞ்சி எப்படி இருக்குட்டி?" என்பார். நன்றாக இருக்கிறது என்று சொன்னால் போதாது. யார் கிண்டினது என்றும் கேட்க வேண்டும்.

எங்கள் பக்கத்து ஆட்களில் பாதிப் பேர் சிங்கப்பூருக்கும் துபாய்க்கும் போக, இவர் மட்டும் தறி இருக்கிற ஊராகத் தேடி இங்கிலாந்துக்கு வந்து மில்லில் சேர்ந்தார். எழுபதுகளின் ஆரம்பத்தில் கைப்பிள்ளையோடு நானும் வந்தேன். வந்த வருஷம் முதல் நோன்பன்று சாயங்காலம் அவர் என்னைப் பார்க்கிறார், நான் அவரைப் பார்க்கிறேன்.

"கஞ்சி எங்கட்டி?"

"நல்லா இருக்கே! பள்ளிவாசல்ல போயி வாங்கிட்டு வாங்க."

பள்ளிவாசலுக்கு நாங்கள் எங்கே போக? அப்போது எங்கள் தெருவில் அப்படி ஒன்றும் இல்லை. மறுநாள் அவரே காய்ச்சுகிறேன் என்று இறங்கினார். அவருக்குக் கணக்கெல்லாம் அண்டாக் கணக்கு. மரக்காலில் அரிசி, படியில் பருப்பு, கூடையில் வெங்காயம். அதை மூன்று பேருக்குச் சுருக்கத் தெரியவில்லை. ஒரு பானை இரண்டு பானையாகி, இரண்டும் நிரம்பி, துணி ஊறப்போடுகிற பெரிய வாளியைக் கழுவி அதிலும் ஊற்றினோம். ஊருக்கே காய்ச்சத் தெரிந்த மனுஷனுக்கு ஒரு வீட்டுக்குக் காய்ச்சத் தெரியவில்லை. நான் சிரித்த சிரிப்பில் அவருக்கு ரோஷம் வந்துவிட்டது.

"என்ன சிரிப்பு? தெருவுக்குக் குடு" என்றார்.

அப்படித்தான் பக்கத்து வீட்டு ஐரீனுக்குக் கஞ்சி போயிற்று. ஐரீன் வெள்ளைக்காரி. மில்லில் நூல் சுற்றி ரிட்டயரானவள், புருஷனை இழந்தவள். குடித்துவிட்டுக் கிண்ணத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள். நாங்களும் இதுபோல் ஒன்று வைப்போம், அரிசிக்குப் பதில் பார்லி போடுவோம் என்று கையை ஆட்டி ஆட்டிச் சொன்னாள். போகும்போது என் வீட்டுக்காரரைப் பார்த்து, "தேங்க் யூ, லவ்" என்றாள். தபால்காரனையும் அவள் அப்படித்தான் கூப்பிடுவாள் என்பது எங்களுக்கு அப்போது தெரியாது. அதன் பிறகு கொஞ்ச நாள் அவர் வாசல் வழியாக வேலைக்குப் போகவில்லை, பின்பக்கச் சந்து வழியாகத்தான் போனார்.

3

மைமூனுக்குப் பன்னிரண்டு வயது நடக்கும்போது அவருக்கு இருமல் வந்தது. மில்லில் எல்லோருக்கும் இருமல் உண்டு, பஞ்சுத் தூசு. இது வேறு மாதிரி இருமல். மாடிப்படி ஏறினால் நடுவில் உட்கார்ந்துவிடுவார்.

டாக்டரைப் பார்க்க நாள் வாங்க நான்தான் போனேன். கவுண்டரில் இருந்த பெண் செவ்வாய்க்கிழமை வருவீர்களா என்று கேட்டாள். நான் நம் ஊர் வழக்கப்படி தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டினேன். நம் ஊரில் குழந்தைக்குக்கூடப் புரியும், சரி என்று அர்த்தம். அவளுக்கு வேண்டாம் என்று பட்டுவிட்டது. எழுதின பெயரை அடித்துவிட்டாள். செவ்வாய்க்கிழமை இரண்டு பஸ் மாறி இருமிக்கொண்டு போனால், உங்கள் பெயர் இல்லையே என்கிறார்கள். அடுத்த நாள் கிடைக்க மாதமாயிற்று. அவருக்கு வந்த கோபத்தில், "இனிமே மைமூ இல்லாம எங்கயும் போகக்கூடாது" என்று சொல்லிவிட்டார்.

அன்றிலிருந்து எங்கள் இரண்டு பேருக்கும் வாய் அவள்தான். ஸ்கூலுக்கு லீவு போட்டுவிட்டு, யூனிஃபார்மோடு நடுவில் உட்காருவாள். ஆஸ்பத்திரியில் பெரிய டாக்டர் முடிவு சொன்ன அன்றைக்கும் அப்படித்தான். அவர் மேஜைமேல் கையைக் கோத்து வைத்துக்கொண்டு மெதுவாக, நெடுநேரம் பேசினார். எனக்கு ஒரு எழவும் புரியவில்லை. என் வீட்டுக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். டாக்டர் நிறுத்தியதும் நாங்கள் இரண்டு பேரும் மைமூனைப் பார்த்தோம்.

"நெஞ்சுல சளி கட்டியிருக்காம் வாப்பா. கோடைக்குச் சரியாயிருமாம். சத்தாச் சாப்பிடணுமாம்."

"அவ்வளவுதானா? இம்புட்டு நேரம் பேசினாரே?" என்றேன்.

"மாட்டுக்கறியும் பார்லியும் போட்டு சூப்பு வச்சுக் குடுக்கச் சொல்லுதாரு. தெனமும்."

இந்த ஊர் டாக்டர் அடுப்படி வேலையெல்லாமா சொல்லித் தருவார் என்று எனக்குத் தோன்றவே இல்லை. ஆஸ்பத்திரி வாசலில் நின்று அல்லாவுக்கு சுக்ரு சொன்னேன். அவர் மகளின் தலையில் கை வைத்து, "நல்ல செய்தி சொன்னா எம்மவ" என்றார்.

4

அன்று சாயங்காலமே ஐரீன் ஒரு பாத்திரம் நிறைய சூப்போடு வந்தாள். ஹலால் கறி இல்லை, வாங்கி வைத்து என்ன செய்ய? மைமூன்தான் அவளிடம் ஏதோ சொல்லித் திருப்பி அனுப்பினாள். மறுநாள் நான் பாகிஸ்தான்காரர் கடைக்குப் போய் எலும்போடு மாட்டுக்கறி வாங்கினேன். வரும் வழியில் பார்லி.

சங்கரன்கோவிலில் பார்லியை மருந்துக்கடையில்தான் வாங்குவோம். மாசமாக இருக்கிறவளுக்குக் கால் வீங்கினால், நீர்க்கடுப்பு வந்தால், காய்ச்சி வடிகட்டித் தண்ணியை மட்டும் கொடுப்போம். அந்த நினைப்பில் முதல் நாள் நான் பார்லியை வேகவைத்துத் தண்ணியை எடுத்துக்கொண்டு, பார்லியைத் தூக்கிக் குப்பையில் போட்டுவிட்டேன். கறியை அந்தத் தண்ணியில் வேகவைத்தேன். மைமூன் ஸ்கூல் விட்டு வந்து குப்பைத்தொட்டியைப் பார்த்துவிட்டு, "ஐயோ உம்மா, அதைத்தான் திங்கணும்!" என்று தலையில் அடித்துக்கொண்டாள். இரண்டாம் நாள் பார்லியைப் போட்டேன். உப்புச் சப்பு இல்லாமல் பசை மாதிரி வந்தது. மூன்றாம் நாள் எனக்கு ரோஷம் வந்தது. கறியை இஞ்சி பூண்டோடு வதக்கி, பட்டை கிராம்பு தாளித்து, கொஞ்சம் பாசிப்பருப்பும் வெந்தயமும் சேர்த்து, பார்லியை முந்தின ராத்திரியே ஊறவைத்து, எலும்பிலிருந்து கறி கழன்று வரும்வரை மெல்லிய தீயில் விட்டேன். தேங்காய்க்கு இங்கே கட்டியாக ஒரு பாக்கெட் வரும், அதைக் கரைத்து ஊற்றினேன். புதினா கிள்ளிப் போட்டேன்.

அவர் கிண்ணத்தைக் கையில் வாங்கிப் பார்த்தார்.

"என்னட்டி இது, முத்து முத்தா மிதக்கு? பார்லியா? நான் என்ன புள்ளத்தாச்சியா?"

"பேசாம குடிங்க. டாக்டர் சொல்லியிருக்காரு."

"டாக்டர் சொன்னாரா, மைமூ சொன்னாளா?"

"அவ சொன்னா என்ன, அவரு சொன்னா என்ன? எல்லாம் ஒண்ணுதான்."

அவர் சிரித்தார். ஒரு வாய் குடித்துவிட்டு, "பள்ளிவாசல் கஞ்சி மாதிரிதான் இருக்கு. யாரு கிண்டினது?" என்றார். அன்றிலிருந்து தினமும் குடித்தார். வாய்க்குப் பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் மைமூன் ஸ்கூல் விட்டு வருகிற நேரம் பார்த்து, அவள் முன்னால் உட்கார்ந்து, கிண்ணத்தை வழித்துக் காட்டுவார். பல நாள் அவள் மாடிக்குப் போனதும் வாந்தி எடுத்திருக்கிறார்.

ஆள் கரைந்துகொண்டே போனார். எனக்குப் பயமாக இருந்தது. அந்த வருஷம் நோன்பு ஜூலையில் வந்தது. ஊரில் போய் நோன்பு பிடிக்க வேண்டும், அண்டாவுக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும் என்று முன்னாலிருந்தே அவருக்கு ஆசை. அதற்காக மூன்று பாஸ்போர்ட்டையும் புதுப்பித்து வைத்திருந்தார். ஃபோட்டோவில் காது தெரியவில்லை என்று என் பாஸ்போர்ட்டை இரண்டு முறை திருப்பி அனுப்பினார்கள். முக்காட்டை எவ்வளவு இழுத்தால் காது தெரியும், எவ்வளவு இழுத்தால் மானம் போகும் என்று ஃபோட்டோ ஸ்டுடியோவில் நின்று அழுதிருக்கிறேன். அத்தனை பாடுபட்டு வாங்கின பாஸ்போர்ட் பெட்டியில் கிடந்தது.

"இப்பவே போயிருவோமே. ஊர்க் காத்து பட்டாலே பாதிச் சீக்கு போயிரும்" என்று எத்தனையோ தடவை கெஞ்சினேன்.

"பொறுட்டி. கோடைக்குச் சரியாயிரும்னு சொல்லியிருக்குல்லா. சரியான பொறவு போவோம்."

மைமூன் சாயங்காலமானால் ஐரீன் வீட்டுக்குப் போய்விடுவாள். இருட்டினாலும் வர மாட்டாள். வாப்பா இப்படிக் கிடக்கிறார், இவளுக்கு வெள்ளைக்காரி வீட்டில் டிவி கேட்கிறதோ என்று எனக்கு வயிறு எரியும். வீட்டுக்குள் வந்தாலும் எதற்கும் இங்கிலீஷில்தான் பதில். "அங்கனயே கெட, இங்கன வராதே" என்று ஒரு நாள் கதவைச் சாத்திவிட்டேன். அவர்தான் எழுந்து சுவரைப் பிடித்துக்கொண்டு போய்த் திறந்துவிட்டார்.

கோடை வருவதற்குள் போய்விட்டார். ரஜப் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, ஆஸ்பத்திரியில், ஜன்னல் பக்கத்துக் கட்டிலில். அவரை அடக்கின மையவாடி இங்கே ஒரு மேட்டுச் சரிவில் இருக்கிறது. எப்போது பார்த்தாலும் ஈரம். கரிசல் மண்ணில் பிறந்து வெயிலில் வளர்ந்த உடம்பு அந்த ஈரத்தில் கிடக்கிறது.

5

புருஷன் மவுத்தானால் பெண் இத்தா இருக்க வேண்டும். மாதக்கணக்கில் வாசல் தாண்டக்கூடாது. ஊரில் என்றால் இத்தா இருக்கிற வீட்டில் எந்நேரமும் நாலு பெண்கள் இருப்பார்கள். அழலாம், திட்டலாம், ஏதாவது பேசலாம். இங்கே எனக்கு நாலு சுவர். சுவரோடு சுவராக உட்கார்ந்து ஒரே ஒரு விஷயத்தை நினைத்தேன். கோடைக்குச் சரியாகும் என்று அந்த டாக்டர் சொல்லித்தானே நாங்கள் ஊருக்குப் போகாமல் இருந்தோம்? பெரிய படிப்புப் படித்தவனுக்கு அதுகூடவா தெரியாது? நாக்கைப் பிடுங்கிக்கொள்வது மாதிரி நாலு கேள்வி கேட்காமல் விடுவதில்லை என்று இத்தா முழுக்கக் கருவிக்கொண்டே இருந்தேன்.

இத்தா முடிந்த மறுநாளே கோட்டை மாட்டினேன். மைமூன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்குப் போனேன்.

"எங்க உம்மா போறோம்?"

"அந்த டாக்டர்கிட்ட. நான் சொல்லுததை ஒரு வார்த்தை விடாம இங்கிலீஷ்ல சொல்லணும். எம்புருசனை ஏன் ஏமாத்தினீருன்னு கேக்கணும்."

மழை தூறிக்கொண்டிருந்தது. தூரத்தில் பஸ் வளைவு திரும்பியது. அவள் என் கையிலிருந்து கையை உருவிக்கொண்டாள்.

"டாக்டர் ஏமாத்தல உம்மா. அவரு அன்னைக்கே சொல்லிட்டாரு, கொஞ்ச மாசம்தான்னு. நான்தான் மாத்திச் சொன்னேன். சூப்பு வைக்கச் சொன்னதும் நான்தான்."

பஸ் வந்து நின்று கதவைத் திறந்தது. நாங்கள் ஏறவில்லை என்றதும் போய்விட்டது.

"ஏன்? ஏன்ட்டி?"

"டாக்டர் பேசி முடிச்சதும் நீங்க ரெண்டு பேரும் என் மூஞ்சியவே பாத்தீங்க. என்னால முடியல உம்மா."

ஐரீனிடம் மட்டும் அன்றைக்கே எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள். சொல்ல வேறு யார் இருந்தார்கள் அவளுக்கு? சாயங்காலம் அங்கே போய் உட்கார்ந்தது டிவிக்காக இல்லை, அழுவதற்கு.

இதெல்லாம் இப்போது எழுதும்போது விளங்குகிறது. அந்த பஸ் ஸ்டாப்பில் என் வாயில் வந்தது ஒன்றுதான்.

"நீ சொல்லியிருந்தா, அவுகளை ஊர் மண்ணுக்குக் கொண்டு போயிருப்பேனேட்டி."

அவள் அழவில்லை. தலையை ஆட்டிக்கொண்டாள். அதன் பிறகு வீட்டில் தேவைக்குத்தான் பேசினாள். பதினெட்டு முடிந்ததும் வேலை தேடிக்கொண்டு போய்விட்டாள். பிள்ளைகள் இந்த நாட்டில் கைவிட்டுப் போகிறார்கள் என்று நம் ஆட்கள் கூடும் இடமெல்லாம் புலம்புகிறார்கள். இங்கிலீஷ் கெடுத்துவிட்டது, டிவி கெடுத்துவிட்டது என்பார்கள். நான் வாயைத் திறப்பதில்லை.

சொன்னது தப்பு என்றும் நான் நினைக்கவில்லை. வேறு என்ன சொல்லியிருக்க முடியும்? அந்த மனுஷன் கடைசி மூச்சுவரை ஏங்கின ஊர் அது. நேற்றுவரைக்கும் இப்படித்தான் இருந்தேன்.

6

நேற்று, வெள்ளிக்கிழமை, லீவு போட்டுவிட்டுப் பார்லியைக் கழுவிக்கொண்டிருந்தபோது ஐரீன் வந்தாள். அவள் வீட்டை விற்றாகிவிட்டது. கடலோரத்தில் தங்கை இருக்கிறாளாம், அவளோடு போய் இருக்கப் போகிறாள். சொல்லிவிட்டுப் போக வந்தாள். இப்போது எனக்கு ஓரளவு இங்கிலீஷ் வரும். டீ போட்டுக் கொடுத்தேன்.

பாத்திரத்தில் ஊறுகிற பார்லியைப் பார்த்தாள். "செய்யதுக்காகவா? பாவம், அதைக் குடிக்க அவர் என்ன பாடுபட்டார்" என்றாள்.

"டாக்டர் சொன்னதாக நம்பித்தானே குடித்தார். நானும் நம்பித்தானே கொடுத்தேன்" என்றேன். குரலில் கொஞ்சம் காரம் இருந்திருக்கும். இவளும் தெரிந்து வைத்துக்கொண்டு வாயைத் திறக்காமல் இருந்தவள்தானே.

ஐரீன் டீக் கோப்பையைக் கீழே வைத்தாள். என்னையே பார்த்தாள்.

"அவர் நம்பவில்லையே. உனக்குத் தெரியும் என்றல்லவா நான் நினைத்துக்கொண்டிருந்தேன்."

பிறகு அவள் மெதுவாகச் சொன்னாள். டாக்டர் சொன்ன அந்த நோயின் பெயர் மில்லில் வேலை பார்த்த ஒவ்வொருவருக்கும் தெரியும். ஐரீனின் புருஷனும் அதே நோயில்தான் போனார். செய்யதுக்கு மற்ற இங்கிலீஷ் தெரியாவிட்டாலும் அந்தப் பெயர் தெரியும். கூட வேலை பார்த்த எத்தனையோ பேரை அது கொண்டுபோனதை அவர் பார்த்திருக்கிறார். டாக்டர் வாயிலிருந்து அது வந்த நிமிஷமே அவருக்குத் தெரிந்துவிட்டது.

அந்தச் சமயத்தில் ஒரு நாள் பின்பக்கச் சந்தில் ஐரீன் அவரைப் பார்த்திருக்கிறாள். நடக்க முடிகிறபோதே ஊருக்குப் போய்விடுங்கள், செய்யது, என்று சொல்லியிருக்கிறாள். அவர் சுவரில் சாய்ந்துகொண்டு, மில்லில் கற்ற இங்கிலீஷில், வார்த்தை வார்த்தையாகத் தேடிச் சொன்னாராம்: "என் மகள் எனக்குச் சரியாகிவிடும் என்று சொல்லியிருக்கிறாள். நான் இப்போது ஊருக்குக் கிளம்பினால் எனக்குத் தெரிந்துவிட்டது என்று அவளுக்குத் தெரிந்துவிடும். சின்னப் பிள்ளை. தாங்க மாட்டாள்." மகளிடம் சொல்லிவிடாதே என்று கையைப் பிடித்துக் கேட்டாராம்.

ஐரீன் போய்விட்டாள். எனக்கு அவர்மேல்தான் முதலில் கோபம் வந்தது. என்னிடம் சொல்லக்கூடாதா? அடுப்படியில் நின்றுகொண்டு, இல்லாத மனுஷனோடு சண்டை போட்டேன். "நான் என்ன, உங்களுக்கு யாரோவா?" என்று சத்தமாகவே கேட்டேன். சொல்லியிருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்பது அவருக்குத் தெரியும். அழுது கூப்பாடு போட்டு, அன்றைக்கே பெட்டியைக் கட்டியிருப்பேன். அதற்குப் பயந்துதான் சொல்லவில்லை. அப்புறம்தான் அழுகை வந்தது. கழுவின பார்லியைத் திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டே அழுதேன்.

7

இன்று, சனிக்கிழமை, மத்தியானம் மைமூன் வந்தாள். கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினாள். துஆ ஓதி முடித்ததும் அடுப்படி மேஜையில் உட்கார்ந்தாள். கிண்ணத்தில் கஞ்சி ஊற்றி வைத்தேன். இந்தக் கஞ்சியை அவள் வாயில் வைத்து எட்டு வருஷமாகிறது. கரண்டியை எடுத்து ஊதி ஊதிக் குடித்தாள்.

"பார்லி கூடிப்போச்சு உம்மா" என்றாள்.

எப்படித் தொடங்குவது என்று யோசித்து வைத்திருந்ததெல்லாம் மறந்துபோயிற்று. அவள் எதிரில் உட்கார்ந்து, "வாப்பாவுக்கு எல்லாம் தெரியும்ட்டி" என்றேன். "டாக்டர் சொன்ன அன்னைக்கே தெரியும். ஐரீன்கிட்ட சொல்லியிருக்காக. நீ அவுகளைத் தடுத்து நிறுத்தல. நீ சொன்னது பொய்யாயிரக்கூடாதுன்னு அவுகளாத்தான் இங்கன இருந்துட்டாக."

கரண்டியைக் கீழே வைத்தாள். பேசினபோது குரல் சின்னப் பிள்ளைக் குரலாக இருந்தது.

"தெனமும் காலையில ஸ்கூலுக்குப் போறப்போ கட்டில்கிட்ட கூப்பிடுவாக. 'டாக்டர் என்ன சொன்னாரு, இன்னொரு தரம் சொல்லுட்டி'ம்பாக. கோடைக்குச் சரியாயிரும் வாப்பான்னு சொல்லுவேன். 'அப்பப் பயமில்ல, நீ போயிட்டு வா'ம்பாக. அவுக என்னைய நம்புதாக, நான் ஏமாத்துதேன்னு தெனமும் வழி முழுக்க நெனச்சுக்கிட்டே போவேன்." மூச்சை இழுத்துவிட்டாள். "அப்ப எதுக்கும்மா கேட்டாக?"

"நீ பயப்படாம ஸ்கூலுக்குப் போகணும்லா, அதுக்குத்தான்."

பன்னிரண்டு வயதில் அழவேண்டியதை அவள் அப்போதுதான் அழுதாள். மேஜைமேல் தலையை வைத்துக்கொண்டு, தோள் குலுங்க. நான் நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டு முதுகைத் தடவினேன். கஞ்சி ஆறிப்போய் ஏடு கட்டிவிட்டது. நெடுநேரம் கழித்து முகத்தை நிமிர்த்தினாள்.

"அப்போ, ஊருக்குப் போகணும்னு வாப்பாவுக்கு ஆசை இல்லையா உம்மா? அந்த ஆசை விட்டுப்போச்சா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு வார்த்தை. அவள் மனசு ஆறியிருக்கும். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இருந்துச்சுட்டி" என்றேன். "கடைசி வரைக்கும் இருந்துச்சு."